திட்டினாத்தான் வேலை நடக்குமா?

(தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் படிங்க, பகிருங்க.)



ஹேஷ்டேக் டிரெண்ட் பண்றது பத்திப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் வேற ஒண்ணு பேசிக்கிறேன்.

எங்க வீட்டுல நான்தான் முதல் பட்டதாரி. இன்ஜினியரிங் முடிச்சு ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனில சேர்ந்தேன். தினமும் காலைல டீம் மீட்டிங். நான் வாயைத் திறந்தாலே, டீம் லீட் என் இங்கிலீஷை அப்படியே பேசிக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பாங்க. முதல் வாரம் நானும் சேர்ந்து சிரிச்சேன்.

மூணாவது மாசம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயித்தைப் பிசையும். தூக்கம் போச்சு. அம்மா போன் பண்ணா "மீட்டிங்ல இருக்கேம்மா"ன்னு கட் பண்ணிடுவேன். கல்விக்கடன் இருக்கு, வேலையை விடவும் முடியாது.

ஒரு நாள் என் கோடுல தப்பு இருக்குன்னு எனக்கே தெரிஞ்சுது. சொன்னா எல்லார் முன்னாடியும் கிழிப்பார். சொல்லல. அது அப்படியே கஸ்டமருக்குப் போயிடுச்சு. ரெண்டு ராத்திரி டீமே தூங்காம சரி பண்ணோம். திட்டினா பயந்து ஒழுங்கா வேலை செய்வான்னு நினைக்கிறாங்க. பயந்தவன் தப்பை மறைக்கத்தான் கத்துக்கிறான்!

வேலையில தப்பைச் சொல்றது கொடுமை இல்ல. அது மேலதிகாரியோட கடமை. ஆனா ஆளையே கேலி பண்றது, வேணும்னே மீட்டிங்குக்குக் கூப்பிடாம ஒதுக்குறது, முடிக்கவே முடியாத வேலையைக் கொடுத்து "நீ லாயக்கில்ல"ன்னு மெயில் போடுறது, இதெல்லாம் கொடுமை.

சட்டம் என்ன சொல்லுது? பாலியல் தொல்லைக்கு 2013 சட்டம் இருக்கு. 10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யுற இடத்துல உள்ளகக் குழு கட்டாயம். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினா 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கு. ஆனா மத்த பணியிடக் கொடுமைகளுக்குன்னு நம்ம நாட்டுல தனிச் சட்டம் கிடையாது. பணியிட வன்முறை, தொல்லைக்கு எதிரா சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-ல் 190-வது உடன்படிக்கை கொண்டு வந்துச்சு. இந்தியா அதுல இன்னும் சேரல.

சட்டம் மாறாதுன்னு நினைக்காதீங்க. ஜவுளிக்கடையில நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருந்த அக்காங்களுக்கு உட்கார நாற்காலி தரணும்னு 2021-ல் நம்ம சட்டமன்றத்துல சட்டத்திருத்தம் வந்துச்சே! கேட்டாத்தான் கிடைக்கும்.

அதுவரைக்கும் நாம செய்ய வேண்டியது:

📌 தேதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவங்க பேரு, எல்லாத்தையும் அன்னைக்கே எழுதி வைங்க.
📌 புகாரை வாயால சொல்லாதீங்க. மெயிலா அனுப்புங்க.
📌 ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் சேரலாம். 2016-லேயே தமிழக அரசு இதைத் தெளிவுபடுத்திடுச்சு.
📌 மனசு தாங்கலன்னா 14416-க்கு போன் பண்ணுங்க. அரசோட டெலி மானஸ் சேவை. இலவசம், தமிழ்லயும் பேசலாம்.
📌 பக்கத்து சீட்டுக்காரரை அவமானப்படுத்தும்போது சிரிக்காதீங்க. அன்னைக்கு ஒருத்தர் சிரிக்காம இருந்திருந்தா எனக்கு அவ்வளவு தெம்பா இருந்திருக்கும்.

கடைசியா ஒண்ணு. கோவிச்சுக்காதீங்க. நம்ம வாட்ஸ்அப் குரூப்புலயும் ராத்திரி பதினொரு மணிக்கு "போஸ்டர் எங்கடா, தூங்குறியா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேக்குறோம். போன மாசம் ஒரு தம்பி ஒரு வார்த்தை சொல்லாம குரூப்பை விட்டுப் போயிட்டான். அந்த மெசேஜைப் போட்டது நான்தான். நேத்து அவன் வீட்டுக்கே போய் மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணா"ன்னான். ஆனா இன்னும் திரும்பி வரல.

மரியாதையை ஊருக்குக் கேக்குறதுக்கு முன்னாடி நம்ம குரூப்புல ஆரம்பிப்போம்.



#பணியிடமரியாதை #சிரிக்காதீங்க