மரவேலைப் படங்களும் அவற்றை விற்பதற்கேற்ற கோப்பு வடிவங்களும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

ஒரு கதிரையையோ, புத்தக அலுமாரியையோ, பிள்ளைகள் விளையாடும் மரவண்டியையோ செய்து விற்பது ஒரு தொழில். அப்பொருளைச் செய்வதற்கான படத்தை மாத்திரம் வரைந்து, பிறர் இணையத்தின் வாயிலாகத் தரவிறக்கிக்கொள்ளும்படி விற்பது இன்னொரு தொழில். முன்னையதற்கு மரமும் பட்டறையும் கப்பற்கூலியும் வேண்டும். பின்னையதற்குத் தச்சுவேலையறிவும் ஒரு கணனியும் போதும். ஒருமுறை வரைந்த படத்தை ஆயிரம் பேருக்கு விற்கலாம். ஆதலின், நம் இளைஞர் சிலர் இத்துறையில் நாட்டங்கொண்டிருப்பது இயல்பே. அவர்கள் முதலிற் கேட்பது, "என்ன விலை வைக்கலாம்?" என்பது. அதற்கு முன்னர்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எந்தக் கோப்பு வடிவத்திற் கொடுப்பது?" என்பதே அது. அதனைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

படம் விற்கும் வழக்கம் புதிதன்று. 1754ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் தோமஸ் சிப்பெண்டேல் என்னும் தச்சர், 160 தகட்டுப் படங்களைக் கொண்ட பெருநூலொன்றை வெளியிட்டார். அதனை வாங்கிய தச்சர்கள் தத்தம் பட்டறைகளில் அதிலுள்ளவாறு கதிரைகளும் மேசைகளும் செய்தார்கள். கடல் கடந்து அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்திலும் அந்நூலைத் தழுவி வேலை நடந்தது. பிற்காலத்தில் வந்த கைவேலைச் சஞ்சிகைகள் இன்னுமொரு நல்ல உபாயத்தைக் கையாண்டன. சிறிய தாளிலே வளைவான ஓர் உருவத்தை அச்சிட்டு, அதன்மீது சதுரக் கட்டங்களையும் வரைந்து, ஒரு கட்டம் ஓர் அங்குலத்துக்குச் சமம் என்று குறித்தன. தாள் எவ்வளவு சிறிதாயினும், தச்சர் பலகையில் ஓரங்குலக் கட்டங்களைக் கீறி, உருவத்தைச் சரியான அளவில் பெயர்த்துக்கொண்டார். படத்தோடு அதன் அளவும் கூடவே சென்றமையால் வேலை பிழைக்கவில்லை. இவ்வொரு கருத்தை மனத்தில் இருத்துங்கள். இனிச் சொல்லப்போவன யாவும் இதன் விரிவேயாம்.

இக்காலத்துக் கோப்பு, நம் கணனியிலிருந்து வாங்குபவரின் மரத்தைச் சேர்வதற்குள் பல கைகள் மாறுகின்றது. திரை, அச்சுப்பொறி, வெட்டும் யந்திரம் ஆகிய மூன்றில் எவ்விடத்திலும் அதன் அளவு மாறிவிடக் கூடும். கடதாசியிலே நேர்ந்த பிழையைக் கிழித்தெறியலாம். வெட்டிய மரத்தை மீண்டும் ஒட்டி வளர்க்க இயலாது. நாம் விற்கும் படத்தின் விலை சில ரூபாவாக இருக்கலாம். அதை நம்பி ஒருவர் வெட்டும் தேக்குப் பலகையின் விலையோ பன்மடங்காகும். அந்த நஷ்டத்தை நினைத்தே கோப்பு வடிவத்தைத் தெரிய வேண்டும்.

முதலில், எதைக் கொடுக்கலாகாது என்பதைக் கூறுகிறேன். ஜேபெக் என்னும் வடிவம் புகைப்படங்களுக்காக ஏற்பட்டது. அதிலே கோடு என்பது கோடாக இருப்பதில்லை. நிறப் புள்ளிகளின் வரிசையாகவே இருக்கின்றது. கோப்பைச் சிறிதாக்கும்போது அக்கோட்டின் ஓரங்கள் மங்குகின்றன. பெரிதாக்கினாலோ படிக்கட்டுப்போற் காணப்படுகின்றன. வட்ஸ்அப் முதலியவற்றின் வழியே அனுப்பினால், புள்ளிகளின் தொகை குறைந்து, அளவுக் குறிப்பும் அழிந்து போகலாம். செய்து முடித்த பொருளின் அழகைக் கடையிற் காட்டுவதற்கு ஜேபெக் மிக நன்று. வெட்டுவதற்கு அஃது உதவாது.

கையினால் வேலை செய்வோருக்கு ஏற்றது பி.டி.எவ். வடிவமே. 1993இல் அடொபி நிறுவனம் வெளியிட்ட இவ்வடிவம், 2008இல் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. ஆதலின் எந்தக் கணனியிலும், கைத்தொலைபேசியிலுங்கூட, செலவின்றித் திறக்கலாம். இதிலே கோட்டைக் கோடாகவே வைக்கலாம். தாளின் உண்மை அளவும் உள்ளே அடங்கியிருக்கும். எழுத்துருவையும் உள்ளே பதிக்கலாம். நம்மவர் பலர் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தமிழ்க் குறிப்புகளை எழுதுகிறார்கள். அவ்வெழுத்துருவைப் பதியாமல் அனுப்பினால், வாங்குபவரின் திரையில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும்.

எனினும் பி.டி.எவ்.விலும் ஓர் அபாயம் உண்டு. நாம் உபயோகிக்கும் ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் உயரமும் உடையது. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்கும் லெற்றர் தாளோ ஏறத்தாழ 216 மில்லிமீற்றர் அகலமும் 279 மில்லிமீற்றர் உயரமும் உடையது. நம் ஏ4 படத்தை அங்குள்ள ஒருவர் அச்சிடும்போது, தாளுக்குள் அடங்கும்படி சுருக்குவதற்கான தெரிவு இருக்குமாயின், அச்சுப்பொறி ஒன்றுஞ் சொல்லாமல் நூற்றுக்கு 6 பங்கு சுருக்கிவிடும். 500 மில்லிமீற்றர்த் தட்டு 470 ஆகிவிடும். எல்லாம் ஒரே விகிதத்திற் சுருங்கினாற் குற்றமென்ன எனச் சிலர் கேட்கலாம். படம் சுருங்கும், கடையில் வாங்கிய ஒட்டுப்பலகை சுருங்காதே! 12 மில்லிமீற்றர்ப் பலகை இறங்க வேண்டிய காடி 11.3 மில்லிமீற்றராக நின்றால், பலகை உள்ளே செல்லாது. பிணைச்சலும் திருகாணியும் கண்ணாடியும் அவ்வாறே.

இதற்குப் பரிகாரம் நான்கு. முதலாவது, ஏ4இற்கு ஒன்று, லெற்றருக்கு ஒன்று என இரண்டு பி.டி.எவ். கோப்புகளைக் கொடுங்கள். அல்லது 190 மில்லிமீற்றர் அகலத்துக்கும் 250 மில்லிமீற்றர் உயரத்துக்கும் உட்பட வரையுங்கள். அஃது இரு தாள்களிலும் அடங்கும். இரண்டாவது, முதற்பக்கத்திலே 100 மில்லிமீற்றர்ச் சதுரம் ஒன்றும், 4 அங்குலச் சதுரம் ஒன்றும் வரைந்து, "இதனை அளந்து பார்த்த பின்பே மற்றப் பக்கங்களை அச்சிடுக" என எழுதுங்கள். சில அச்சுப்பொறிகள் தாளை இழுக்கும் திசையில் மாத்திரம் சிறிது பிழைவிடும். ஆகையால் நீளம், அகலம் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, சுருக்காமல் அச்சிடுமாறு கோப்பின் உள்ளேயே குறிக்கும் வசதி பி.டி.எவ்.விலே உண்டு. சில மென்பொருள்கள் அதற்குக் கீழ்ப்படியும். ஆதலின் அதனையும் செய்துவிடுங்கள். நான்காவது, பெரிய படத்தைப் பல தாள்களாகப் பிரிக்கும்போது, ஒவ்வொரு தாளிலும் வரிசையெண், 10 மில்லிமீற்றர் மேற்கவிவு, பொருத்தும் குறிகள் ஆகியன இருக்கட்டும். எல்லாத் தாள்களையும் ஒட்டிய பின் முழு நீளத்தையும் அளந்து சரிபார்ப்பதற்கு நீண்ட கோடு ஒன்றும் இருக்கட்டும். பழைய சஞ்சிகைகளின் சதுரக் கட்டம் செய்த பணியை இவை செய்யும்.

நிற்க. இப்பொழுது பலர் கைவாளை விடுத்து, கணனியால் இயங்கும் வெட்டு யந்திரங்களையும் லேசர் யந்திரங்களையும் உபயோகிக்கின்றனர். அவர்களுக்குப் பி.டி.எவ். மாத்திரம் போதாது. மரத்தைக் கடையும் சி.என்.சி. யந்திரக்காரர் பெரும்பாலும் டி.எக்ஸ்.எவ். வடிவத்தைக் கேட்பர். 1982இல் ஓட்டோகாட் மென்பொருளோடு தோன்றிய பழைய வடிவம் அது. அதிலே எண்கள் உண்டு. ஆனால் அவ்வெண்கள் மில்லிமீற்றரா அங்குலமா என்பது பல சமயங்களில் தெளிவாகத் தெரியாது. அலகைக் குறிக்க இடம் இருந்தும், அதனைக் கவனியாத மென்பொருள்கள் உள. 100 மில்லிமீற்றர் என நாம் எழுதியதை 100 அங்குலம் என யந்திரம் கொண்டால், பொருள் 25.4 மடங்கு பெருத்துவிடும். இத்துணைப் பெரிய பிழை உடனே கண்ணிற்படும் என்பது ஒன்றே ஆறுதல். கோப்பின் பெயரிலேயே மில்லிமீற்றர் அல்லது அங்குலம் என எழுதிவிடுவதே நல்வழி. மேலும், பழைய 12ஆம் வெளியீட்டு டி.எக்ஸ்.எவ்.வாகச் சேமித்தால் மிகப் பல மென்பொருள்கள் அதனைத் திறக்கும். அவ்வெளியீட்டில் நுண்ணிய வளைகோடுகளுக்கு இடமில்லை. ஆகையால், அவை சிறுசிறு நேர்கோடுகளாக உடைந்து கரடுமுரடாகாமல் இருக்கின்றனவா என்பதை நீங்களே திறந்து பார்க்க வேண்டும்.

லேசர் யந்திரக்காரர் விரும்புவது எஸ்.வி.ஜி. வடிவம். 2001இல் இணைய நியமங்களை வகுக்கும் சபை இதனை ஏற்றுக்கொண்டது. இதிலுள்ள அபாயம் மறைவானது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதில் மென்பொருள்கள் ஒன்றுபடுவதில்லை. இலஸ்ற்றேற்றர் 72 எனக் கொள்ளும். இங்ஸ்கேப் முன்னர் 90 எனக் கொண்டு, 2017இல் வந்த பதிப்பிலிருந்து 96 எனக் கொள்கின்றது. 72 என எழுதிய படத்தை 96 என வாசித்தால், 400 மில்லிமீற்றர் 300 ஆகிவிடும். இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது. படம் அழகாகவே இருக்கும். வெட்டிய பின்னரே வெளிப்படும். ஆகவே எஸ்.வி.ஜி.யின் அகலத்தையும் உயரத்தையும் மில்லிமீற்றரிலேயே குறித்து, எழுத்துக்களைக் கோடுகளாக மாற்றிச் சேமியுங்கள். 100 மில்லிமீற்றர்ச் சதுரம் இக்கோப்புகளிலும் தனியான ஓர் அடுக்கில் இருக்கட்டும்.

இவை யாவற்றையும் ஒரே ஸிப் பொதியாகக் கட்டிக் கொடுக்கலாம். எற்சி என்னும் இணையச் சந்தையிலே ஒரு பொருளுக்கு 5 கோப்புகள், ஒவ்வொன்றும் 20 மெகாபைற்றுக்கு உட்பட்டவை என எல்லையுண்டு. ஸிப்பைத் திறக்கக் கணனியில் வேறு மென்பொருள் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியில் வாங்குபவரை நினைத்து, பி.டி.எவ்.வை மாத்திரம் பொதிக்கு வெளியே தனியாகவும் வைத்துவிடுங்கள்.

இனி, நம்மவர் மனத்திலுள்ள பெரிய அச்சத்திற்கு வருவோம். "கோட்டைக் கோடாகவே கொடுத்துவிட்டால், அதைத் திருடி இன்னொருவன் விற்க மாட்டானா?" என்கிறார்கள். அவ்வச்சத்தினாற் சிலர் மங்கலான ஜேபெக்கையே விற்கிறார்கள். சிலர் அச்சிட முடியாதபடி பி.டி.எவ்.வைப் பூட்டி வைக்கிறார்கள். அச்சம் நியாயமானதே, உழைப்பு நம்முடையதன்றோ? ஆயினும் அப்பூட்டு யாரைத் தடுக்கின்றது என்பதைச் சிந்தியுங்கள். திருடுபவனுக்கு அதனைத் திறக்கும் வழி தெரியும். பணங்கொடுத்து வாங்கி, சனிக்கிழமை மாலையிலே பட்டறையில் நிற்கும் நேர்மையாளரே அவதிப்படுகிறார். அவர் மறுமுறை நம்மிடம் வரமாட்டார். நாம் வரைந்த மூலக்கோப்பை, அஃதாவது மாற்றித் திருத்தக்கூடிய வேலைப்பிரதியை, நம்மிடமே வைத்துக்கொள்வோம். வெட்டுவதற்கு வேண்டியதை முழுமையாகவும் திருத்தமாகவும் கொடுத்துவிடுவோம். ஒவ்வொரு தாளிலும் வரைந்தவரின் பெயரும், இதனைக் கொண்டு செய்த பொருளை விற்கலாமா என்ற நிபந்தனையும் இருக்கட்டும். நம் நாட்டிலே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வரைந்தவரின் உரிமையைக் காக்கின்றது. சட்டமும் பெயரும் காக்கும் அளவுக்கு மங்கலான கோடு காப்பதில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கோப்புகளை ஆயத்தஞ் செய்ததும் உடனே விற்பனைக்கு வைத்துவிடாதீர்கள். அவற்றை வேறொரு வீட்டிலுள்ள, வேறு மென்பொருளுள்ள கணனிக்கு அனுப்புங்கள். உங்கள் வாய்மொழி விளக்கம் எதுவுமின்றி, உங்கள் நண்பர் ஒருவர் அதைத் தாமாகவே அச்சிட்டு, மலிவான பலகையில் வெட்டிப் பொருத்தட்டும். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் கோப்பிலுள்ள ஒவ்வொரு குறையாகும். அவர் ஒன்றுங் கேளாமற் செய்து முடித்தாரென்றால், அன்றைக்கு அப்படம் விற்பனைக்குரியதாயிற்று.

முற்காலத்துத் தச்சர் வேலைக்குப் புறப்படும்போது தம் அளவுகோலையும் உடன் கொண்டு சென்றார். நாமோ வாங்குபவரின் பட்டறைக்கு நேரிற் செல்லப்போவதில்லை. நம் கோப்பு ஒன்றே செல்கின்றது. ஆகவே படத்தை மாத்திரம் அனுப்பாது, அதனோடு கோலையும் சேர்த்து அனுப்புவோமாக. முகமறியாத ஒருவர் நம்மை நம்பி மரத்திலே வாளை வைக்கிறார். அந்நம்பிக்கைக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.