சான்றிதழின் தலைப்பில் இருக்கும் வரலாறு

(இ-சேவை மைய ஊழியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில், கல்லூரி அலுவலகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வளர்ந்த கதையைப் பேசச் சொன்னார்கள். "நமக்கும் பல்கலைக்கழக வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கு. நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, ஒரு அம்மா வந்தாங்க. பட்டச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. ஒரு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்குச் சில நாட்களே இருந்தன. "சார், இரண்டாம் படி எங்க வாங்கணும்?" என்று கேட்டாங்க. நான் தலையை நிமிர்த்தாமலே, "அபிஷேகப்பட்டிக்குப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். எந்த வருஷம் படிச்சீங்க என்று கேட்கவே இல்லை.

அவங்க பி.எஸ்சி. முடித்தது 1987-இல். அப்போது அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகமே கிடையாது. அவங்களுக்குப் பட்டம் கொடுத்தது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அலைந்து திரும்பி, மதுரைக்குப் போய், பணம் கட்டி, காகிதம் கைக்கு வந்தபோது சரிபார்ப்புத் தேதி முடிந்திருந்தது. "நான் படிச்சது நெல்லையிலதான சார், மதுரைக்குப் போகணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும்தான் கேட்டாங்க. அவங்களுக்குத் தெரியாதது தப்பில்லை. எனக்குத் தெரிந்திருக்கணும்.

அதனால்தான் இந்த வரலாறு.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. பாளையங்கோட்டை, திருநெல்வேலிக் கல்லூரிகள் நீண்ட காலம் அதன் கீழேயே இருந்தன. தெற்கே நாகர்கோவிலின் கதை கொஞ்சம் வேறு. அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வந்ததும் அந்தப் பகுதிக் கல்லூரிகள் அதன் கீழ் போயின. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகு சென்னையின் கீழ் வந்தன.

1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். அடுத்து வந்தவர் மு. வரதராசனார். தென்மாவட்டக் கல்லூரிகள் மதுரைக்கு மாறின. சென்னை வரை போக வேண்டிய வேலை மதுரையோடு முடிந்தது. 1978-இல் காமராசர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

ஆனால் களியக்காவிளையிலோ விளாத்திகுளத்திலோ இருப்பவருக்கு மதுரையும் தூரம்தான். 1990-இல் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின் வழியே, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்காக மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவானது. தென்காசி 2019-இல்தான் தனி மாவட்டம் ஆனது. அந்தப் பகுதியும் முதலிலிருந்தே இதன் எல்லைக்குள் இருக்கிறது.

பெயரும் பொருத்தமான பெயர். பெ. சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருநெல்வேலியில் ஆசிரியராக இருந்தவர். பிறகு திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். 1891-இல் அவர் வெளியிட்ட நாடகம்தான் 'மனோன்மணீயம்'. நம் தமிழ்த்தாய் வாழ்த்து அதிலிருந்து எடுத்தது. கல்வெட்டுகளைத் தேடிப் படித்து மன்னர்களின் காலத்தைக் கணித்தவர் அவர். ஆவணம் எவ்வளவு முக்கியம் என்பது அவருக்குத் தெரியும்!

பல்கலைக்கழகம் தென்காசி சாலையில் அபிஷேகப்பட்டியில் அமைந்தது. அதோடு நிற்கவில்லை. கடல் இருக்கும் இடத்தில் கடல் ஆய்வு வேண்டும் என்று கன்னியாகுமரி மாவட்டம் ராஜாக்கமங்கலத்தில் ஒரு மையம். மலையடிவாரத்தில், ஆழ்வார்குறிச்சியில், சுற்றுச்சூழல் அறிவியல் மையம். பணகுடி, புளியங்குடி, கோவிந்தபேரி போன்ற ஊர்களில் உறுப்புக் கல்லூரிகளும் தொடங்கப்பட்டன. பஸ் ஏறி டவுனுக்கு அனுப்ப யோசித்த பெற்றோர், பக்கத்து ஊர்க் கல்லூரி என்றால் மகளைச் சேர்த்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி என்றால் என் கணக்கில் இதுதான்.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். கட்டடம் அதே கட்டடம், வகுப்பறை அதே வகுப்பறை. ஆனால் படித்த வருஷத்தைப் பொறுத்துச் சான்றிதழின் தலைப்பு மாறும். தலைப்பில் எந்தப் பல்கலைக்கழகமோ, பதிவேடும் அங்கேதான் இருக்கும்.

ஆகவே ஒருவர் வந்ததும், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால், எந்த வருஷம் என்று கேளுங்கள். அடுத்து, நேரடியாகக் கல்லூரியில் படித்தாரா, அஞ்சல் வழியா என்று கேளுங்கள். மதுரையில் 1970-களின் தொடக்கத்திலேயே அஞ்சல் வழிக் கல்வி வந்துவிட்டது. 1990-க்குப் பிறகும் நெல்லைக்காரர்கள் அதில் படித்திருக்கிறார்கள். மூன்றாவதாக, என்ன படிப்பு என்று கேளுங்கள். பொறியியல் கல்லூரிகள் 2001-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போயின. பி.எட். கல்லூரிகள் 2008 முதல் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 1989, 90, 91 மாதிரி இடைப்பட்ட வருஷம் என்றால் ஊகிக்க வேண்டாம். பழைய மதிப்பெண் பட்டியலின் நகல் ஒன்றாவது வீட்டில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். அதன் தலைப்பும் பதிவெண்ணும் போதும்.

மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., கல்லூரி கொடுப்பது. பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் பல்கலைக்கழகம் கொடுப்பவை. இதையும் பிரித்துச் சொல்லிடுங்க. சான்றிதழ் தொலைந்தால் காவல் துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததைப் பதிவு செய்யலாம். அதையும் முதலிலேயே சொன்னால் ஒரு நடை மிச்சம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனை வீடுகளில் தண்ணீர் புகுந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஃபைல்கள் எல்லாம் கூழாகிப் போயின. புதிய பட்டதாரிகளுக்கு டிஜிலாக்கர் இருக்கிறது, கைபேசியிலேயே எடுத்துவிடலாம். பழைய பட்டதாரிகளுக்கு உங்கள் மையத்தில் இருக்கும் நாற்காலிதான் முதல் வாசல்.

சென்னையிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து அபிஷேகப்பட்டிக்கும் பல்கலைக்கழகம் நம்மைத் தேடி நெருங்கி வர 130 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நாம் ஒரு கேள்வி கேட்க மறந்தால், ஒருவருக்கு அந்தத் தூரம் மறுபடியும் நீண்டுவிடும். அந்த அம்மாவிடம் நான் கேட்காத கேள்வியை, நீங்கள் வருகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: "எந்த வருஷம் படிச்சீங்க?"