ஃபுட் ட்ரக் போட எத்தனை பேப்பர் வேணும்?

போன வாரம் விருத்தாசலத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். சென்னை கம்பெனியில ஐடி வேலை, ஊர்ல இருந்தே பார்க்கிறார். "அண்ணா, பழைய மினி லாரி ஒண்ணு விலைக்கு வருது. சாயந்திரம் ஜங்ஷன் பக்கம் ஷவர்மா, பர்கர் போடலாம்னு இருக்கேன். எஃப்எஸ்எஸ்ஏஐ எடுத்துட்டா போதும்ல?" இதான் கேள்வி.

போதாது தம்பி. ஆனா அதுல இருந்தே ஆரம்பிப்போம். இருக்கிறதுலயே சுலபமான பேப்பர் அதுதான்.

உணவு பாதுகாப்புச் சட்டம் 2006-ல வந்தது, பதிவுக்கான விதிமுறைகள் 2011-ல. வருஷ வியாபாரம் 12 லட்சத்துக்குள்ளன்னா லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்னு அந்த விதிகள் வெச்சாங்க. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. விண்ணப்பிச்சு 7 நாள்ல பதிவும் தரல, மறுக்கவும் இல்ல, ஆய்வுக்கு வர்றோம்னும் சொல்லலேன்னா, நீங்க கடையைத் தொடங்கிக்கலாம். பின்னாடி அதிகாரி வந்து எதையாவது சரிபண்ணச் சொன்னா பண்ணணும், அவ்வளவுதான். நம்ம கோடிங் பாஷையில சொன்னா, டைம்-அவுட் ஆனா பதில் 'யெஸ்'. விண்ணப்ப ரசீதை மட்டும் பத்திரமா வெச்சுக்கங்க.

ஆய்வுல என்ன பார்ப்பாங்க? தண்ணி எங்க இருந்து வருது, குப்பைத்தொட்டிக்கு மூடி இருக்கா, சமைக்கிறவர் நகம் வெட்டியிருக்காரா. பொரிக்கிற எண்ணெயில போலார் காம்பவுண்ட் 25 சதவீதத்தைத் தாண்டினா அதுல மறுபடி சமைக்கக் கூடாது. பஜ்ஜியை நியூஸ்பேப்பர்ல மடிச்சுக் குடுக்கறதும் தப்பு. ஷவர்மான்னா இன்னும் கவனம் வேணும். 2023 செப்டம்பர்ல நாமக்கல்ல ஷவர்மா சாப்பிட்ட 14 வயசுப் பொண்ணு இறந்துபோனது ஞாபகம் இருக்கும். பச்சை முட்டையில செய்ற மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8-ல இருந்து ஒரு வருஷத் தடையும் போட்டாங்க. ட்ரக்ல நாள் முழுக்கக் கரண்ட் இருக்காது. பேட்டரி இறங்கின ஃப்ரிட்ஜுக்குள்ள சிக்கன் எவ்வளவு நேரம் கிடக்குதுங்கறதுதான் நிஜமான கேள்வி. அதிகாரி கேட்டாலும் கேட்காட்டியும்.

அடுத்து வண்டி. சரக்கு லாரியோட பக்கத்தை வெட்டி, ஜன்னல் வெச்சு, கிச்சன் ஆக்கினா அது மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவுக்குள்ள வருது. ஆர்டிஓ அனுமதி வாங்கணும், ஆர்சி புக்ல மாத்தணும். மொபைல் கேன்டீன் போக்குவரத்து வாகன வகை, அதனால எஃப்சி உண்டு. எட்டு வருஷம் தாண்டின வண்டின்னா வருஷா வருஷம். ஆர்சி-ல ஒண்ணு, ரோட்ல ஒண்ணுன்னு ஓட்டினா, விபத்து நடந்த அன்னைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். வெல்டிங் பட்டறைக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸுக்கு ஒரு நடை போயிடுங்க. சிலிண்டர் 19 கிலோ கமர்ஷியல்தான். வீட்டு சிலிண்டரைத் தொடவே வேண்டாம்.

இதெல்லாம் கூட முடிச்சிடலாம். மாட்டிக்கிறது எங்கன்னா, வண்டியை எங்க நிறுத்துறதுங்கறதுல.

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014. நகர விற்பனைக் குழு அமைக்கணும், அதுல குறைஞ்சது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவங்களா இருக்கணும். கணக்கெடுப்பு முடிச்சு சான்றிதழ் தர்ற வரைக்கும், ஏற்கனவே வியாபாரம் பண்றவங்களை அப்புறப்படுத்தக் கூடாது. நல்ல சட்டம். ஆனா அந்தச் சான்றிதழ் வாங்க ஒரு உறுதிமொழி குடுக்கணும். நானோ என் குடும்பத்துல ஒருத்தரோதான் வியாபாரம் பண்ணுவோம், இடத்தை வாடகைக்கு விடமாட்டேன், எனக்கு வேற பிழைப்பு இல்ல.

வேற பிழைப்பு இல்ல. மாசம் சம்பளம் அக்கவுன்ட்ல விழுற ஒருத்தர் இதுல கையெழுத்துப் போட்டா அது பொய். 'யாரு பார்க்கப் போறா'ன்னு தோணும். ஒரு ஊருக்கு மக்கள்தொகையில 2.5 சதவீதம் பேர் வரைதான்னு சட்டமே ஒரு கணக்கு வெச்சிருக்கு. அதுல நம்ம ஒரு இடத்தைப் பிடிச்சா, வெளியே போறது ஜங்ஷன்ல இட்லி வண்டி தள்ற அக்காவா இருக்கலாம். அந்த வரி அங்க இருக்கறது சரிதான்னு நான் நினைக்கிறேன். ஃபுட் ட்ரக்னு பேரை மாத்திக்கிட்டா மட்டும் ரோடு நம்முடையதா ஆயிடாது.

அப்போ வேலையை விடாம ட்ரக் போடவே முடியாதா? முடியும். தனியார் இடத்தை வாடகைக்கு எடுங்க. விருத்தாசலத்துலயே செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, பீங்கான் கம்பெனிகள் இருக்கு. காலி இடம் வெச்சிருக்கிற ஒரு ஓனர்கிட்ட பேசிப் பாருங்க. சூளைச் சூட்டுல நின்னுட்டு வர்றவங்களுக்கு பர்கரை விட மோர் சாதம்தான் ஓடும்ங்கறது என் கணிப்பு. நீங்க பர்கர்தான்னு அடம்பிடிச்சா உங்க இஷ்டம். இடம் நகராட்சியா ஊராட்சியான்னு பார்த்து, தொழில் உரிமம் அங்க கேளுங்க. வாடகை ஒப்பந்தத்துல தண்ணி, கரண்ட், பாத்திரம் கழுவுற தண்ணி எங்க போகும்னு மூணையும் எழுத்துல வாங்கிடுங்க. வாய்ப்பேச்சு வேண்டாம்.

ட்ரக் நடத்துறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, கழிவுத் தண்ணியை எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க. அடுத்த எபிசோட்ல ஜிஎஸ்டி.