கல்லீரல் டாக்டர் ஷீலா ஷெர்லாக்: நமக்கு என்ன பாடம்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் ஒரு குழுவில், மகளை நர்சிங் படிக்க வைக்க ஒரு அம்மா உள்கடன் கேட்டாங்க. "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு செலவு தேவையா?" என்று பேச்சு வந்தது. தீர்மானம் எழுதாமலே கூட்டம் கலைந்தது. அதனால்தான் இன்று ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம்.

அவர் பெயர் ஷீலா ஷெர்லாக். 1918இல் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்தவர். டாக்டருக்குப் படிக்க இங்கிலாந்தில் பல கல்லூரிகளில் கேட்டார். இடம் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் அங்கேயும் பெண்களுக்கு இடம் குறைவுதான். 1936இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1941இல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். ஆனாலும் அங்கே பயிற்சி டாக்டர் வேலை பெண்களுக்குக் கொடுக்கவில்லை.

அவர் சோர்ந்து போகவில்லை. லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரிக்குப் போனார். அது இரண்டாம் உலகப்போர் சமயம். மஞ்சள் காமாலை பலரை வாட்டியது. மெல்லிய ஊசியால் கல்லீரலிலிருந்து துளி சதை எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஆராய்ந்த டாக்டர்களில் அவரும் ஒருவர்.

1955இல் கல்லீரல் நோய்கள் பற்றிப் புத்தகம் எழுதினார். பல நாட்டு டாக்டர்கள் அதைப் படித்துத்தான் இந்த வைத்தியம் கற்றார்கள். 1959இல் பிரிட்டனின் முதல் பெண் மருத்துவப் பேராசிரியர் ஆனார். கல்யாணம் செய்து இரண்டு பெண் பிள்ளைகளையும் வளர்த்தார். 2001இல் காலமானார்.

அவர் வேலையிலிருந்து நமக்கும் ஒரு விஷயம் இருக்கு. மஞ்சள் காமாலை என்பது நோயின் அடையாளம். காரணம் ஆளுக்கு ஆள் மாறும். அசுத்தமான தண்ணீரால் வரலாம். சாராயத்தால் வரலாம். பித்தப்பைக் கல்லால் வரலாம். ஹெபடைட்டிஸ் பி கிருமி ரத்தம், ஊசி வழியாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றும். எல்லாவற்றுக்கும் ஒரே பச்சிலை போதும் என்று நாள் கடத்தாதீங்க. கண் மஞ்சளானால் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போய் ரத்தம் பரிசோதியுங்கள். கர்ப்பிணிகள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டாங்களா என்று கேட்டு வாங்குங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம்.

கடைசியாக, அந்த அம்மாவின் கடன் மனு. பையன் படிப்புக்குக் கேட்டிருந்தால் எதைப் பார்ப்பீர்கள்? சேமிப்பு, கூட்டத்துக்கு வருகை, பழைய கடனைக் கட்டிய விதம். அதையே பாருங்கள். தகுதி இல்லையென்றால் காரணத்தைச் சொல்லுங்கள். பொண்ணு என்பது காரணம் ஆகாது. வரும் கூட்டத்தில் தீர்மான நோட்டில் முடிவை எழுதிவிடுங்கள்.