பயணத்தின் சுவை வசதியிலா? சிரமத்திலா?
(சிரமத்திலே என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணியில் மெத்தை போட்டு அமர்ந்திருக்கும் நண்பர்களே! சிரமப்பட்டு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் கோவை மாநகரத்துப் பெருமக்களே!

எனக்கு முன்னாலே பேசிய அம்மையார் என்ன சொன்னாங்க? மலைக்குப் போனா குழாயைத் திறந்ததும் சுடுதண்ணி வரணும், மணியடிச்சதும் காபி வரணும், அதுதான் சுகம்னு சொன்னாங்க. அம்மா, அது ரெண்டும் வீட்டிலேயே இருக்குதே! அதுக்கு எதுக்கு மலைக்குப் போகணும்? (சிரிப்பு) ஆனா மணியடிச்சா எங்க வீட்டிலே காபி வராது. "கையிலே என்ன, போட்டுக் குடிக்க முடியாதா?"ன்னு ஒரு குரல்தான் வரும். (பலத்த சிரிப்பு)

நான் கற்பனையாகப் பேச வரவில்லை, பட்டதைச் சொல்ல வந்திருக்கிறேன். மூணு வருஷத்துக்கு முன்னாலே ஒரு சனி, ஞாயிறு. என் மச்சினன் ஒரு ஜீப் வாங்கினார். வாங்கினவர் சும்மா இருக்கலாமில்ல? பின்னாலே கோத்து இழுக்க ஒரு டிரெய்லரும் செய்து வைத்துக்கொண்டார். "மச்சான், கொல்லிமலையிலே நம்ம சிநேகிதர் மிளகுத் தோட்டம் இருக்குது. கூடாரம் அடிச்சு ஒரு ராத்திரி தங்கலாம் வாங்க" என்றார். காப்புக்காட்டிலே அனுமதியில்லாமல் கூடாரம் அடிப்பதும் அடுப்பு மூட்டுவதும் குற்றம். இது பட்டா நிலம், உடையவர் அழைத்த அழைப்பு. சரியென்று கிளம்பினோம்.

டிரெய்லரிலே என்னென்ன ஏறியது தெரியுமா? கூடாரம் ஏறியது, நியாயம். மடக்குக் கட்டில் நாலு, நாற்காலி ஆறு, காஸ் அடுப்பு, இட்லிப் பானை, ஜெனரேட்டர். அந்த ஜெனரேட்டர் எதுக்குன்னா, மிக்சிக்கு! (சிரிப்பு) நானும் லேசுப்பட்டவனில்லை. திருத்தவேண்டிய விடைத்தாள் ஒரு கட்டு ஏற்றினேன். என் மகன் ஒருவன்தான் ஒன்றும் எடுக்கவில்லை. ஒரு போர்வை, அவ்வளவுதான்.

அவன் அப்போது என்னோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். நல்ல மதிப்பெண். நான் பொறியியல் என்கிறேன், அவன் விவசாயக் கல்லூரி என்கிறான். "உங்க தாத்தா மண்ணிலே கிடந்து பட்டது போதாதா?" என்று ஒரு நாள் சத்தம் போட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. "அப்பாவைச் சாப்பிடச் சொல்லும்மா" என்று அவனும், "அவனை லைட்டை அணைக்கச் சொல்லு" என்று நானும், ஒரே வீட்டிலே நடுவர் வைத்துப் பேசிக்கொண்டோம். அந்த நடுவர் என் மனைவி. உங்களுக்காவது இங்கே பொன்னாடை கிடைக்கிறது நடுவர் அவர்களே, அவளுக்கு அதுவுமில்லை! (சிரிப்பு, கைதட்டல்)

அவிநாசி, பெருந்துறை, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி அடிவாரம். அங்கே தொடங்குகிறது 70 கொண்டை ஊசி வளைவு. வால்பாறைக்கு 40, திம்பத்துக்கு 27. இரண்டையும் கூட்டினாலும் இதற்கு மூணு குறைச்சல்! பத்தாவது வளைவிலே என் மனைவி எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். இருபதாவது வளைவிலே நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன். (சிரிப்பு)

பாதி மலையிலே ஒரு குறுகலான வளைவு. எதிரே வாழைத்தார் ஏற்றிய மினி லாரி இறங்கி வருகிறது. எங்களைப் பார்த்ததும் அந்த டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, "நீங்க ஏறுங்கண்ணா" என்று கையைக் காட்டினார். "அவருக்கும் அவசரம் இருக்குமே, ஏன் நின்றார்?" என்று மச்சினனைக் கேட்டேன். "மலை ரோட்டிலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி மச்சான். ஏறுகிறவன் பாதியிலே நின்னுட்டா வேகம் போயிடும், சுமையோட மறுபடி கிளப்புறது கஷ்டம். இறங்குகிறவன்தான் ஒதுங்கணும்" என்றார். இது மரியாதைக்காகச் செய்வது மட்டுமல்ல, சாலை விதிகளிலேயே எழுதிய சட்டம். இதைக் கொஞ்சம் மனசிலே வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

கொல்லிமலை யார் மலை? வல்வில் ஓரி ஆண்ட மலை. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றிலே வன்பரணர் பாடுகிறார். எங்க மச்சினனும் அந்த மண்ணிலே ஒரு வீரம் காட்டினார். டிரெய்லரைப் பின்னாலே எடுத்தார். டிரெய்லர் கோத்த வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். நாம ஒண்ணு சொன்னா அது ஒண்ணு செய்யும். கல்யாணமானவங்களுக்கு இது பழகின சங்கதிதான். (சிரிப்பு) ஒரே இடி! வேலி, வாளி, வாழைக்கன்று, கோழிக்கூண்டு, கடைசியாக எங்க இட்லிப் பானை. ஓரிக்கு ஐந்து, எங்க மச்சினனுக்கும் ஐந்து! (பலத்த கைதட்டல்) நல்லவேளை, கோழி வெளியே மேயப் போயிருந்தது.

அந்த வீட்டுக்காரர் கோபப்படவில்லை. கொடுத்த பணத்தையும் வாங்கவில்லை. "ஏனுங்க, மழை பெஞ்சு மண்பாதை சேறாக் கிடக்குது. இந்தப் பெட்டியை இழுத்துக்கிட்டுப் போனா சக்கரம் புதைஞ்சிரும். இங்கேயே விட்டுட்டு நடந்து போங்க" என்றார். தோட்டத்துக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர்.

கட்டில் போச்சு. நாற்காலி போச்சு. ஜெனரேட்டர் போச்சு. விடைத்தாளும் போச்சு, பிள்ளைகள் அதிர்ஷ்டம்! (சிரிப்பு) கூடாரத்தை மகன் தோளிலே போட்டுக்கொண்டான். அரிசி, பருப்பு, ஒரு பாத்திரம் மட்டும் எங்க கையிலே.

எதிரணி நண்பர்களே, வெள்ளியங்கிரி நமக்குப் பக்கத்திலே இருக்கிறது. பூண்டி அடிவாரத்திலே ஒரு மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு ஏழு மலை ஏறுகிறார்களே, அவர்களுக்கு எந்த டிரெய்லர் பின்னாலே வருகிறது? தைப்பூசத்துக்கு எடப்பாடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிறார்களே, மலைமேலேயே ஓர் இரவு தங்கும் மரபுள்ளவர்கள், அவர்கள் மெத்தையா கேட்டார்கள்? சிரமம் சுகத்துக்குப் பகை என்றால், அவர்கள் ஏன் ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் போகிறார்கள்?

தோட்டம் போய்ச் சேர இருட்டிவிட்டது. மூணு கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தோம். ஈர விறகு எனக்குப் பற்றவில்லை. டாக்டர் பட்டம் வாங்கினவன் ஊதி ஊதி இருமுகிறேன். மகன் வந்து உட்கார்ந்தான், காய்ந்த சுள்ளியை அடியிலே வைத்தான், பற்றிக்கொண்டது. ஒரே பாத்திரத்திலே அரிசியும் பருப்பும் சாதம். நம்ம கொங்கு நாட்டு அமுதம்! போதாத தட்டை ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். அதற்குள்ளே அவன் தோட்டக்காரரிடம் சில்வர் ஓக் மரத்திலே மிளகுக்கொடியை எப்போது ஏற்றுவது, நிழல் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகத்திலே அப்படி ஒரு வெளிச்சத்தை நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை.

செல்போனிலே சிக்னல் இல்லை. கூடாரம் சின்னது. நானும் அவனும் பக்கத்துப் பக்கத்திலே படுக்கவேண்டியதாயிற்று. விலகிப் படுக்க இடமில்லை. குளிர் வேறு. பாதிப் போர்வையை என் மேலே போட்டான். ரொம்ப நேரம் கழித்து இருட்டிலே கேட்டான்: "அப்பா, நீங்க தமிழ் படிக்கிறேன்னு சொன்னப்போ தாத்தா என்ன சொன்னாரு?"

நடுவர் அவர்களே, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் அப்பாவுக்கு நான் பாங்கி வேலைக்குப் போகணும்னு ஆசை. நான் தமிழ் என்றேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் ஒரு ஜோடி காளையைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். பணத்தை என் கையிலே வைத்து, "உனக்குப் புடிச்சதையே படி கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

அதை அவனுக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்த வாழைத்தார் லாரி நினைவுக்கு வந்தது. என் அப்பா ஒதுங்கி வழிவிட்டார், நான் ஏறினேன். இப்போது ஏறுகிறவன் என் மகன், இறங்குகிற வயசு எனக்கு. அப்படியிருக்க நடுரோட்டிலே வண்டியை நிறுத்திக்கொண்டு ஆரன் அடித்துக்கொண்டிருந்தவன் நான்! (கைதட்டல்)

"நீ விவசாயமே படி சாமி" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. போர்வையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துவிட்டான். இன்றைக்கு நம்ம கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலே மூன்றாம் ஆண்டு படிக்கிறான்.

எதிரணி நண்பர்களே, நீங்கள் சொன்ன வசதியான விடுதியிலே தங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவனுக்கு ஒரு அறை, எனக்கு ஒரு அறை, ஆளுக்கொரு போர்வை. இரண்டு பேரும் சுகமாகத் தூங்கியிருப்போம். அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போயிருக்கும்.

வசதி ஆளுக்கொரு கதவைக் கொடுக்கிறது, சிரமம் எல்லாருக்கும் ஒரே போர்வையைக் கொடுக்கிறது. ஆகவே, பயணத்தின் சுவை சிரமத்திலேதான் என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு, ஏறி வருகிற அடுத்த பேச்சாளருக்கு வழிவிட்டு ஒதுங்குகிறேன்.

(நீண்ட கைதட்டல்)