உண்டியல்காரர் வராத மாதம்

 

என் வாழ்நாளில் பாதி வகுப்பறையிலும் மீதி அரசின் நிதிக் கோப்புகளிலும் போயிற்று. ஆனாலும் அன்னியச் செலாவணியை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர், இந்த இலுப்பூர்த் தெருக்களில் சைக்கிளில் வந்த ஓர் உண்டியல்காரர்.

அண்ணன் குவைத்தில் கட்டட வேலை பார்த்தார். அவர் அனுப்பும் பணத்தோடு மாதம் ஒருமுறை உண்டியல்காரர் வருவார். திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். அப்போது நான் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, இது சட்டப்படி தப்பு. பேங்க்ல அனுப்பச் சொல்லுங்க" என்றேன். "பேங்க்ல போட்டா குறைச்சலா வருதுடா. அது ஏன்னு உன் படிப்புல சொல்லியிருக்கா?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விதான் என் தொழிலாயிற்று.

டாலருக்கு அரசு வைத்த விலை ஒன்று, வெளியே போன விலை வேறு. அந்த இடைவெளியில்தான் உண்டியல் பிழைத்தது. உண்டியல்காரரின் ஆளிடம் அண்ணன் அங்கே கொடுத்த தினார் நாட்டுக்குள் வரவே இல்லை. இங்கே ரூபாய் மட்டும் கைமாறியது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. விமானங்களில் மீட்டு வரப்பட்ட சுமார் 1,70,000 இந்தியர்களில் அண்ணனும் ஒருவர். கையில் ஒரே ஒரு பை. அந்த மாதம் உண்டியல்காரர் வரவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. மறு ஆண்டு, அன்னியச் செலாவணி கையிருப்பு கரைந்தபோது, நாடும் அதையே செய்தது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் ஈடு வைத்து, சுமார் 40 கோடி டாலர் திரட்டியது. பத்திரிகையில் அதைப் படித்துக் காட்டியபோது அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் சி. ரங்கராஜன். அரியலூர்க்காரர். திருச்சி நேஷனல் கல்லூரி, சென்னை லயோலா, 1964-இல் பென்சில்வேனியாவில் முனைவர் பட்டம், பிறகு அகமதாபாத் ஐஐஎம்மில் நீண்ட காலம் ஆசிரியர். அந்த ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைத்தவர்களில் ஒருவர். 1992 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வரவில் 60 சதவீதத்துக்குச் சந்தை விலை கிடைத்தது. அடுத்த மார்ச்சில், அவர் ஆளுநராக இருந்தபோது, இரட்டை விலையே ஒழிந்தது.

வெளிநாடுகளிலிருந்து தனியார் அனுப்பியதாகக் கணக்கில் வந்த தொகை 1990-91-இல் சுமார் 200 கோடி டாலர். 1996-97-இல் 1,200 கோடியைத் தாண்டியது. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எத்தனையோ சோதனைகளுக்கு மசியாத உண்டியலை நியாயமான விலை வெகுவாகத் தளர்த்தியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சனங்கள் சட்டத்தை மீறினால், முதலில் அந்தச் சட்டம் அவர்களிடம் என்ன பிடுங்குகிறது என்று பாருங்கள். இன்று பட்டம் பெறும் நீங்கள் நாளை தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் சரி, தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்தாலும் சரி, இதை மறக்காதீர்கள்.

1993-இல் அண்ணன் துபாயிலிருந்து எழுதினார்: "இனி பேங்க்லயே போடறேன், ரெண்டும் ஒண்ணுதான்." கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா கைநாட்டு வைத்துக் கணக்குத் தொடங்கினார். அந்தப் பாஸ்புக்கை இன்று உங்களுக்குக் காட்டக் கொண்டுவந்திருக்கிறேன்.