பேய்க் கதையும் மெய்ப் பேச்சும்



சித்தூர் நகருக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றின் கரையில், காணிப்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள வரசித்தி விநாயகர் கோயிலை நேரிற் காணாத தமிழரும் கேள்வியளவில் அறிந்திருப்பர். அவ்வூரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. உடன்பிறந்தார் மூவர், ஒருவர் குருடர், ஒருவர் செவிடர், ஒருவர் ஊமை. வறண்டுபோன கிணற்றைத் தூர்வாரி ஆழப்படுத்த மூவரும் இறங்கினர். மண்வெட்டி கல்லொன்றில் பட்டது. கல்லிலிருந்து குருதி பெருகியது. அந்நீர் மேனியிற் பட்டதும் குருடர் கண் பெற்றார். செவிடர் செவி பெற்றார். ஊமையர் வாய் திறந்து பேசினார். ஊரார் ஓடிவந்து தேங்காய் உடைத்தனர். அந்த இளநீர் ஒரு காணி நிலம் பரவிப் பாய்ந்ததால் ஊருக்குக் காணிப்பாக்கம் என்று பெயர் வந்ததாம். நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் எந்த இளநீரால் பெயர் பெற்றன என்று குறும்பாகக் கேட்பவரும் உண்டு. பாக்கம் என்பது ஊரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லே. ஆயினும் கதையை அவ்வளவில் தள்ளிவிட நமக்கு மனம் வருவதில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது தல வரலாறு அன்று. அண்மையில் நாம் படித்தும் மீண்டும் படித்தும் பார்த்த சில பேய்க் கதைகளையும், பன்னிரண்டு வயதிலிருந்து பதினாறு வயது வரையுள்ள இளையோர்க்கு உகந்த சில நாவல்களையும் பற்றியே பேச விரும்புகிறோம். புனேயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் குடியேறி வாழும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் ஒரு கவலை உண்டு. பிள்ளை தமிழ் பேசுகிறான், படிப்பதில்லை. படித்தாலும் ஆங்கிலத்தில் இரத்தம் குடிக்கும் பிசாசுக் கதையைத்தான் படிக்கிறான். இதற்கு என் செய்வது? காணிப்பாக்கத்தைச் சூழ்ந்த சித்தூர்ப் பகுதித் தமிழருக்கு இக்கவலை புதிதன்று. 1911-இல் தனி மாவட்டமாகிய சித்தூர், 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. அன்று இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வேற்று மாநிலத்தவர் ஆனவர்கள் அவர்கள். வீட்டிலே தமிழும் பள்ளியிலே தெலுங்குமாகப் பிள்ளைகளை வளர்க்கும் கலையை அவர்கள் நமக்கு முன்பே பழகியவர்கள்.

காணிப்பாக்கத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது சத்தியம் செய்யும் ஊர். களவு செய்தான் என்றோ, கொடுத்த கடனை இல்லை என்றான் என்றோ ஒருவன்மீது ஐயம் எழுந்தால், அவனைக் கோயிற் குளத்தில் முழுகச் செய்து, ஈர உடையோடு விநாயகர் முன் நிறுத்திப் பிரமாணம் வாங்குவர். பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்பது நம்பிக்கை. குளத்தில் முழுகி எழுவதற்குள்ளேயே உண்மையைக் கக்கிவிட்டவர் உண்டு என்று சுற்றுவட்டாரத்தில் சொல்லுவர். அங்கே அச்சத்திற்கு ஒரு வேலை இருக்கிறது. அது வாயை அடைப்பதற்கன்று, திறப்பதற்கு. குருடரும் செவிடரும் குணம் பெற்ற கதையில் ஊமையரும் இருந்தார் என்பதை நேயர்கள் மறக்க வேண்டா.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பேய்க் கதைகளைப் பார்த்தோமானால் பலவும் தெளிவாகின்றன. முதலில் வேதாளத்தையே எடுத்துக்கொள்வோம். 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் பிறந்த அம்புலிமாமாவை நம்மில் மூத்தவர் மறக்க இயலாது. ஆந்திரப் பகுதியிலிருந்து வந்த நாகி ரெட்டியும் சக்கரபாணியும் அதனைத் தொடங்கினர். தோளிலே பிணமும் கையிலே வாளுமாக விக்கிரமன் நடக்கும் படத்தை வரைந்த ஓவியர் சங்கர், 2020-இல், தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரே மறைந்தார். அந்தப் படத்துக்காகவே இதழைப் பிரித்த பிள்ளைகள் எத்தனை பேர்! அக்கதையின் கட்டளையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வேதாளம் கதை சொல்லி ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் அரசன் வாய் திறவாதிருந்தால் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும்; அவ்வளவு நடையும் வீண். உண்மையைச் சொன்னால் நட்டம், சொல்லாவிட்டால் சாவு. அரசன் ஒவ்வொரு முறையும் நட்டத்தையே தேர்கிறான். பிள்ளைகளுக்கு நீதி புகட்ட எழுதிய பாட நூல்கள் பல இருக்க, சுடுகாட்டுப் பிணம் ஒன்று இதனை எவ்வளவு எளிதாகச் செய்துவிட்டது, பாருங்கள்.

இனி ஆங்கிலத்துக்குப் போவோம். ஸ்டெபனி மேயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 2005-இல் வெளியிட்ட 'ட்வைலைட்' என்ற நாவலை நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் படித்திருப்பர். பெல்லா என்னும் பதினேழு வயதுப் பெண் ஒரு சிற்றூருக்கு வருகிறாள். அவள் காதலிக்கும் எட்வர்டு இரத்தம் குடிக்கும் இனத்தவன். 1918-இன் விஷக் காய்ச்சலில் சாகவேண்டியவன், அன்றுமுதல் பதினேழு வயதிலேயே நிற்கிறான். கதை விறுவிறுப்பானது என்பதில் ஐயமில்லை. பருவ வயதின் தனிமையை ஆசிரியை நன்கு அறிந்திருக்கிறார். ஆனால் நம் மனத்தை உறுத்தியது பேயன்று. அவள் உறங்கும்போது, அவளறியாமல், இரவுதோறும் அவன் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அது காதலின் ஆழம் என்றே நாவல் சொல்கிறது. பெல்லாவின் தந்தையோ அவ்வூர்க் காவல்துறைத் தலைவர். அவரிடம் அவள் ஒரு சொல்லும் சொல்வதில்லை. இரகசியத்தைக் காப்பவளே நல்ல காதலி என்று கோடிக்கணக்கான பெண்பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் போகிறது. இந்நூலைத் தடுத்து வைக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. தடுத்தால் தலையணைக்கடியில் போய்விடும். ஆனால், உறங்குபவளை அவளறியாமல் பார்த்திருப்பது காதலா என்ற ஒரு கேள்வியை மட்டும் வேதாளம்போல் கேட்டுவைப்பது நல்லது.

தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த பேய் நாவல்களில் பெயர் பெற்றது எண்டமூரி வீரேந்திரநாத் எழுதிய 'துளசிதளம்'. 1980-களில் தெலுங்கு நாட்டைக் கலக்கிய நூல் அது. செல்வத்தின் பொருட்டு ஒரு சிறுமியின் உயிரை வாங்கக் காஷ்மோரா என்னும் மாந்திரீகம் ஏவப்படுகிறது. நூலைக் கீழே வைக்க முடியவில்லை. அத்திறமைக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் படித்து முடித்தபின் நம்மிடம் எஞ்சியது என்ன? வாசலில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தைக் கண்டால் எதிர்வீட்டாரை ஏறிட்டுப் பார்க்கும் ஐயம். இது சிறு செய்தியன்று. சூனியக்காரி என்று பழி சுமத்திப் பெண்களை வதைக்கும் கொடுமையைத் தடுக்கப் பீகார் மாநிலம் 1999-இல் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. மராட்டிய மாநிலம் 2013-இல் நரபலிக்கும் மாந்திரீகக் கொடுமைகளுக்கும் எதிராகச் சட்டம் செய்தது. அதற்காகப் பல்லாண்டு உழைத்த மருத்துவர் நரேந்திர தபோல்கர் அவ்வாண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள் புனே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கதையே கொலைக்குக் காரணம் என்பதன்று நம் கருத்து. ஆயினும், அடுத்த வீட்டானைப் பேயாக்கும் கதையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் துணையின்றிக் கொடுத்துவிட நாம் தயங்குகிறோம்.

இந்திரா சௌந்தர்ராஜன் நாவல்களைப் பற்றி நம் கருத்து வேறு. 2024 நவம்பரில் மதுரையில் மறைந்த அவர், சித்தர்களும் கோயில்களும் புதையல்களும் நிறைந்த கதைகளாக எழுதிக் குவித்தார். சிலவற்றில் அவசரம் தெரிகிறது. ஆனால் நம்பாதவன் ஒருவனை அவர் கதைக்குள்ளேயே நிறுத்தி வாதிட விடுகிறார். 'விட்டுவிடு கருப்பா' என்ற நாவல், 'விடாது கருப்பு' என்னும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. தவறு செய்தவரைத் தண்டிக்கும் ஊர்க்காவல் தெய்வமே அதன் மையம். காணிப்பாக்கத்துச் சத்தியத்தின் உறவுமுறைதான் அது. தண்டிப்பது தெய்வமா, வேறொன்றா என்ற கேள்வி இறுதிவரை இழுத்துக்கொண்டே போகிறது. முடிவைச் சொல்லிப் படிப்பவர் இன்பத்தைக் கெடுக்க மாட்டோம்.

ஜெயமோகனின் 'பனி மனிதன்' இளையோர்க்கென்றே தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயப் பனியிலே மாபெரும் காலடித் தடம் ஒன்று காணப்படுகிறது. இராணுவ அதிகாரி ஒருவரும் மருத்துவர் ஒருவரும் மலைச் சிறுவன் ஒருவனும் அதனைத் தேடிப் போகின்றனர். பேய்க் கதைபோல் தொடங்குவது, மனிதன் வளர்ந்து வந்த வழி ஒன்றுதானா என்னும் கேள்வியாக மாறுகிறது. அஞ்சத்தக்கது என்று கருதப்பட்ட உயிரை இரக்கத்தோடு நோக்க வைப்பதில் இந்நாவல் வெற்றி பெறுகிறது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதனைத் தொடங்கலாம்.

நம் உள்ளத்தை மிகவும் தொட்டது எஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமியின் பால சாகித்திய புரஸ்காரத்தைப் பெற்ற நூல். மரப்பாச்சியை நேயர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திருப்பதியிலிருந்து வருவோர் இணையாக வாங்கிவந்து கொலுவில் நிறுத்தும் மரப்பொம்மை அது. பழைய பொம்மைகள் சேசாசல மலைப்பகுதியின் செம்மரத்தில் கடையப்பட்டவை. அம்மரத்தை வெட்டச் சென்றதாகக் கூறித் தமிழ்நாட்டுக் கூலியாட்கள் 20 பேர் 2015 ஏப்ரலில் அக்காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வாய் பெற்றால் அதையும் பேசும்.

இந்நூலில் மரப்பாச்சி உயிர் பெற்றுப் பேசுகிறது. பொம்மை பேசினால் குழந்தை அலறும் என்று நாம் எண்ணுவோம். இங்கே குழந்தைக்குத் துணை கிடைக்கிறது. பெரியவர் ஒருவரால் பாலியல் துன்பத்துக்கு ஆளாகும் சிறார், அதனை யாரிடம் சொல்வது, சொன்னால் நம்புவார்களா என்று மருகுவதே கதையின் உட்பொருள். வெளியிற் சொல்லாதே என்று மிரட்டும் மனிதன் ஒரு புறம்; சொல் என்று துணிவூட்டும் பொம்மை மறு புறம். மனிதன் பேயாகவும் மரம் மனிதராகவும் ஆகிவிடுகின்றன. அருவருப்பூட்டும் காட்சி எதுவும் இல்லாமல், பிள்ளைகளுக்குப் புரியும் எளிய நடையில் ஆசிரியர் இதனைச் செய்திருக்கிறார். நடையில் சில இடங்களில் அறிவுரை மேலோங்குகிறது. கதை அங்கே சற்று நின்றுபோகிறது. ஆயினும் பொருளின் அவசரத்தை எண்ணும்போது அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. 2012-இல் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது. சட்டம் இயங்கவேண்டுமானால் குழந்தை முதலில் வாய் திறக்க வேண்டுமன்றோ? உற்றார் உறவினர் அருகில் இல்லாத அயலூரில், பாட்டியும் அத்தையும் இல்லாத அடுக்குமாடி வீட்டில், அந்த வாயைத் திறப்பது யார்?

பத்து வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் கொடுப்பதா என்று சில பெற்றோர் கூசுவர். அக்கூச்சம் இயல்பே. ஆனால் தீங்கு செய்பவன் பிள்ளையின் வயதைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. முதலில் பெற்றோர் படிக்கட்டும். பின்னர்ப் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்தால் அதுவே படிக்கட்டும். தெரியாவிட்டால் நாளுக்கு ஓர் அத்தியாயமாகத் தாய் உரக்கப் படிக்கலாம். நடுவே பிள்ளை எதையேனும் சொல்ல வாயெடுத்தால், நூலை மூடிவிட்டு, நம் வானொலி ஒலித்துக்கொண்டிருந்தால் அதனையும் நிறுத்திவிட்டு, கேட்கவேண்டும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை விட்டுவிடலாகாது. நாவலன்று, சிறுகதைதான். ஓர் எழுத்தாளர் வீட்டுக்கு வேலைக்காரியாக வந்து சேர்கிறாள் ஒரு பிச்சைக்காரி. அதன்பின் இரவுகளில் நடப்பவை எல்லாம் ஐயத்துக்குரியவை. அவள் பேயா, பசித்த ஏழையா? பசித்தவளைப் பேயாகக் காணும் கண் யாருடையது? 1948-இல் மறைந்த அப்பெருமகனார் இவற்றுக்கு விடை சொல்லவில்லை. அச்சத்தை மட்டும் நம்மிடம் விட்டுச் சென்றார். அவருடைய நூல்களைத் தமிழ்நாட்டரசு 2002-இல் நாட்டுடைமையாக்கிவிட்டமையால், எவ்வூரிலிருப்பினும் இணையத்தில் விலையின்றிப் படிக்கலாம். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறோம்: வீட்டில் தனியாக இருக்கும் இரவில் அதனைத் தொடங்க வேண்டா. பகலிலே படித்துவிடுங்கள்.